மைமூன் காட்டிய பக்கம்

“பந்து இந்தப் பக்கம் சாயும்னு நீதானே சொன்னே? அந்தப் பக்கம் ஓடுது பார்! நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!”

யாங்கோனிலேயே பல வருஷமாகக் குடியிருக்கும் பீட்டர், ஐரோப்பிய அணியின் கடைசி ஆட்டக்காரர், தனக்குக் கோல்ஃப் பை சுமந்த மைமூனைப் பர்மிய மொழியில் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

பின்னே? ஜோடி ஜோடியாக மோதி, இந்தக் கடைசிப் பந்தில் வந்து நின்றது ஆட்டம். அது குழியில் விழுந்திருந்தால் கோப்பை ஐரோப்பாவுக்கு. விழவில்லை. யாங்கோன் மைதானமே “ஆசியா! ஆசியா!” என்று அலறியது.

கலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் பை சுமப்பது ஆசிய அணித் தலைவர் ஊ தெய்னுக்கு. ஆற்றுக்கு அக்கரையில் அவள் குடியிருக்கும் டாலாவில் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் பெரிய கையும் அவர்தான். அதற்கான குலுக்கலில் அவள் மகன் தனசேகரன் பேர் விழுந்துவிட்டது. காலைப் பிடித்து அழுதவளிடம், “கோப்பை வரட்டும், பேரை எடுத்துடறேன்” என்று சிரித்திருந்தார். பாவி மனுஷனுக்குப் பிள்ளை உயிரும் ஒரு பந்தயம்!

இதைக் காலையில் டாலா படகில் மைமூனிடம் சொல்லி அழுதாள் கலா. மைமூனோ ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“அழுதா ஆச்சா? மூஞ்சியைக் கழுவிட்டு வேலையைப் பாரு.”

கல்நெஞ்சுக்காரி! இப்போது வேலை போய் நிற்கிறாள். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள் கலா.

கோப்பையைத் தடவிக்கொண்டே தலைவர் கூப்பிட்டார்.

“சொன்ன சொல் மாறமாட்டேன். உன் பையன் பேரை எடுத்தாச்சு.”

“நீங்க நல்லா இருக்கணும்ங்க!” முருகா, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

“ஆனா ஆள் குறையக்கூடாதே. உங்க தெருவுல வேற யாரு இருக்கா? அந்த மைமூனுக்கு ஒரு மகன் இல்லே?”

இல்லை என்று சொல்லலாம். ஊரில் இல்லை என்றாவது சொல்லலாம். சொல்லி, மறுபடி தனசேகரன் பேரே வந்துவிட்டால்?

“ஆமாங்க... ஜமால்” என்றாள் கலா.

மைதான வாசலில் மைமூன் காத்திருந்தாள்.

“என்னடி, பேரை எடுத்தாரா?”

கலா தலையை மட்டும் ஆட்டினாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“அல்ஹம்துலில்லாஹ்!” மைமூன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “பின்னே, இத்தனை வருஷம் மிதிச்ச சரிவு எனக்குத் தெரியாதா? வேணும்னுதான் அவர்கிட்ட பக்கத்தை மாத்திச் சொன்னேன். வேலை போனா போகட்டும்டி. நீயும் என்னை மாதிரி ஒத்தப் புள்ளக்காரிதானே?”