மாற்றமில்லை

துறைமுக அலுவலக முற்றத்தில், அளவுக்கல்லின் மேல், செயற்கைக்கோளிலிருந்து உயரம் கணிக்கும் புதுக் கருவியை வைத்து, அவள் மூன்றாவது முறையாக எண்ணைப் பார்த்தாள்.

நாற்பத்தேழு சென்டிமீட்டர். கல் அவ்வளவு கீழே இறங்கியிருந்தது.

இருபத்தாறு வருடங்களாக அந்த முகத்துவாரத்தை அளப்பதுதான் அவள் வேலை. ஆறு அவள் கண்ணெதிரே தன் இஷ்டத்துக்கு ஆடியது. நடுவில் ஒரு மணல்திட்டு முளைத்தது, அதில் மரங்கூட வந்தது, பிறகு திட்டே போன இடம் தெரியவில்லை. படகு போகும் பாதை மேற்கே தள்ளிப்போனது. அலையாத்திக் காட்டை வெட்டி வீடு கட்டினார்கள்.

எல்லாவற்றையும் அவள் இந்தக் கல்லை வைத்துத்தான் அளந்தாள். கரையின் உயரத்துக்கு நேரே வருடா வருடம் 'மாற்றமில்லை' என்று எழுதினாள். கல்லும் கரையும் சேர்ந்தே இறங்கினால் வித்தியாசம் எங்கிருந்து தெரியும்?

அவள் பேச்சை நம்பித்தான் தம்பி கரையோரம் வீடு கட்டினான்.

கைபேசி அடித்தது. அவனேதான். நேற்றும் அடுக்களைக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம். அவன் மாமியாரின் கட்டில் கால்களுக்கு இன்னும் இரண்டு செங்கல் வைத்ததில், அந்தம்மாவுக்கு ஏணி இல்லாமல் இறங்க முடியவில்லையாம். பாழாய்ப்போன கடல் ஏறிக்கொண்டே வருகிறது, மேலே ஒரு மாடி கட்டிவிட்டால் தொல்லை விட்டது என்றான். கான்கிரீட் கலவை வண்டி வாசலில் நிற்கிறதாம்.

வண்டியைத் திருப்பி அனுப்பு என்றாள்.

"ஏன்க்கா, உன் கல்லு நகந்துடுச்சா?" என்று சிரித்தான். அவள் பிடிவாதத்துக்கு வீட்டில் இது பழைய கேலி.

"கல்லும் இறங்குது, உன் வீடும் இறங்குதுடா. எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

சிரிப்பு நின்றது. பிறகு, நீ என்ன பண்ணுவே பாவம் என்று அவளுக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வைத்தான்.

அவள் உள்ளே போய் ஒரு பழைய அளவைப் புத்தகத்தை எடுத்தாள். தம்பி அஸ்திவாரம் தோண்டிய வருடத்துப் புத்தகம். கரை உயரத்துக்கு நேரே பேனாவில் 'மாற்றமில்லை'. அதன் அடியில், ரப்பரால் அழித்தும் போகாத பென்சில் எழுத்து, அவள் கையெழுத்து:

'கல்லே இறங்குகிறதோ? சரிபார்க்க வேண்டும்.'

அதை அவள் எழுதி அழித்த அன்று காலையில்தான் தம்பி வீட்டுக்குச் செங்கல் இறக்கியிருந்தான்.