வெட்டிய மூச்சு

அர்த்தநாரி இறந்த பிறகும் பம்புசெட் விளம்பரத்தில் அவர் குரல் ஓடிக்கொண்டிருந்தது. மரகதத்துக்கு அதில் கணவர் கிடைக்கவில்லை. மூச்சு வாங்காமல், செருமாமல், பளிங்குபோல் யாரோ ஒருவர் பேசினார். காரியம் முடிந்ததும், அதைப் பதிவு செய்த ஃபெலிக்ஸிடம் போனாள்.

"சத்தம் சுத்தமா இருக்கோணும்னு மூச்சு, செருமலெல்லாம் நான்தானுங்கக்கா வெட்டுனேன்" என்றான் அவன். "ஆனா பேச்சுக்கு நடுவுல ஒட்டுப் போடோணும்னா அவரு மூச்சுதான் சேரும். அதனால வெட்டுனது எதையும் வீசறதில்லைங்க."

கணினியில் 'குப்பை' என்று பெயரிட்டிருந்த கோப்பைத் திறந்தான். பதினோரு நிமிடம். மூச்சிழுப்பு, செருமல், தாள் புரளும் சத்தம். பதிவன்று கணவருடன் வந்து தான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் மரகதம் கண்களை மூடிக்கொண்டாள். பிறகு அவர் பேசினார்: "ஊருக்கெல்லாம் தண்ணி எறைக்கிற மோட்டாருன்னு கத்தறேன், எனக்கு ஒரு வாய் தர ஆளில்ல. மரகதம், கண்ணு?"

ஃபெலிக்ஸ் நிறுத்தப் போனான்.

"ஓடட்டும். நீ நல்லா இருக்கோணும், சாமி" என்றாள்.

கைப்பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தாள்.