முதலில் அதிர்ந்த பெட்டி

கடை அலமாரியில், டிவி சத்தத்துக்கு அதிரும் அடியொலி சேர்க்கும் இரண்டு சப்வூஃபர் பெட்டிகள் அருகருகே இருந்தன. இரண்டுக்கும் ஒரே விலைதான். அதற்கு மேல் தன்னால் முடியாது என்று சொல்லிக்கொண்டே வேலாயுதம் உள்ளே வந்தார்.

"நான் முதல்ல பேசிடறேன்," என்றது பெரியது.

"பேசுங்கண்ணே," என்று வழிவிட்டது சின்னது.

பெரியது போட்ட போட்டில் கடைக் கண்ணாடியே நடுங்கியது. அடுத்துச் சின்னது பேசியபோது வேலாயுதத்தின் காதுக்குள் வெறும் ரீங்காரம்தான் இருந்தது. பெரியதையே வாங்கிக்கொண்டு போனார்.

வீடு மாடியில். பத்துக்குப் பத்து ஹால். முதல் படத்திலேயே சமையலறை டம்ளர்கள் உருண்டன. கீழ்வீட்டுக்காரர் கோபமாக மேலே வந்தார். அன்றே வேலாயுதம் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டார். இப்போது பெட்டியின் தலைமேல் மணிபிளான்ட் ஜாடி உட்கார்ந்திருக்கிறது.

ஒருநாள் படத்தில் இடி இடித்தது. டிவியின் வாயில் அது தகரம் தட்டுவதுபோல வந்தது.

"என்னமோ குறையுதே," என்றார் வேலாயுதம்.

"அவர் தேடறது உன்னையா?" என்று டிவி கேட்டது.

"இல்ல. இந்த ஹாலுக்கு ஏத்த தம்பி ஒருத்தன் கடையில இருந்தான்," என்றது பெட்டி. "அன்னிக்கு எவ்வளவு அழகாப் பேசினான் தெரியுமா? எனக்கு மட்டும்தான் கேட்டுது."