அழிக்க வேண்டாமா?

புதிய இயங்குதளத்தோடு எந்தெந்தக் கட்டளைகள் இயல்பாக வரவேண்டும் என்று தீர்மானிக்கும் குழு, அழிக்கும் கட்டளையில் சிக்கி நின்றது. கேட்காமல் அழிப்பதே அழகு என்றார் இத்ரீஸ். கேட்டுவிட்டு அழிப்பதே மரியாதை என்றார் தலைவர் மாசிலாமணி. சலித்துப்போன மற்றவர்கள், கேட்டுத் தொலைக்கட்டும் என்று முடித்தார்கள். கேள்வியைத் தலைவர் எழுதினார். நிரலை இத்ரீஸ் எழுதினார்.

செய்துகாட்ட, குழுவிலிருந்த டெய்சியின் கணினி முன் உட்கார்ந்து ‘அழி சோதனை’ என்று தட்டினார் இத்ரீஸ். சோதனை என்ற பெயரில் எல்லோரிடமும் ஒரு காலிக் கோப்புறை இருக்கும் என்பது அவர் எண்ணம். டெய்சி மூன்று வருடமாக உருவாக்கிய எழுத்துப்பிழை திருத்தும் நிரல் அந்தப் பெயரில்தான் இருந்தது. வேறு நகல் இல்லை.

திரை கேட்டது: ‘அழிக்க வேண்டாமா?’

“வேண்டாம்னு போடுங்க!” என்றாள் டெய்சி.

“ஆம், இல்லை, ரெண்டுதான் எடுக்கும்” என்றார் இத்ரீஸ்.

“அப்ப ஆம். ஆமா, வேண்டாம்.”

தலைவர் பதறினார். “ஆம்னா அழிச்சிடும்மா! வீட்டுல குப்பைய அள்ள வேண்டாமான்னு கேப்போம்ல, அந்தத் தொனியில எழுதினேன்.”

“நான் அந்தத் தொனியில நிரல் எழுதல சார்” என்றார் இத்ரீஸ். பிறகு, “எழுதினேனோ?” என்றார்.

“சரி, பாதியில நிறுத்துற விசை எது?” என்று கேட்டாள் டெய்சி.

“அது அடுத்த கூட்டத்துலதான் முடிவாகும்” என்றார் இத்ரீஸ்.

தலைவர் எல்லோரையும் பார்த்தார். “ஓட்டெடுப்பு வைக்க வேண்டாமா?”

எல்லோரும் ஆம் என்றார்கள். டெய்சி மேசைக்கு அடியில் குனிந்து கணினியின் பிளக்கைத் தேடத் தொடங்கினாள்.