மாமா வர்றாரு

ஓநாய்கள் அஞ்செட்டிப் பக்கம் திரும்பி வந்ததிலிருந்து, ஆடு வைத்திருக்கும் வீடுகளிலெல்லாம் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருந்தார்கள். வனத்துறை ரேடியோ கழுத்துப்பட்டை கட்டிவிட்ட ஓநாய் நெருங்கினால் அது குரல் கொடுக்கும். ஆனால் ஓநாயின் பெயரை வீட்டுக்குள் உச்சரித்தால் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகிவிடுமே! அதனால் கோகிலவாணி பெட்டிக்கு வேறு பேச்சைப் பழக்கியிருந்தாள்: "மாமா வர்றாரு."

கேட்டதும் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போடுவாள். நான்கு வயது மகள் இதழினிக்கு ஒவ்வொரு தடவையும் மனசு கேட்காது. "பாவம்மா மாமா. ஏன் உள்ள விடமாட்டேங்கிற?"

கோகிலவாணி சிரித்து மழுப்பிவிடுவாள்.

இன்று இதழினிக்குக் காதுகுத்து. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே கோகிலவாணி சொன்னாள்: "இன்னைக்கு மாமா வருவாரு. நீதான் வாங்கன்னு கூப்பிடணும். அவரு மடியில உட்கார்ந்துதான் காது குத்திக்கணும்."

"இன்னைக்கு கதவ சாத்த மாட்டல்ல?"

"சாத்த மாட்டேன்டி தங்கம்."

பிறகு அடுப்படியில் மிக்ஸி ஓடிய இரைச்சலில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அதை நிறுத்தியபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. தம்பி நவீன்.

"அக்கா, பஸ் இப்பத்தான் தேன்கனிக்கோட்டை தாண்டுது. குட்டிய அழ விடாத, வந்துடறேன்."

"மெதுவா வாடா" என்று சொல்லும்போதே கூடத்தில் பெட்டி பேசியது.

"மாமா வாசல்ல இருக்காரு."

போனைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவடியில் முக்காலி கிடந்தது. தாழ்ப்பாள் திறந்திருந்தது. வெளியே கொலுசு குலுங்கியது.

"உள்ள வாங்க மாமா! இன்னைக்கு அம்மா கதவ சாத்தாது!"