புளியமரத்தின் விலை

"வாசுகி வரலையா?"

வண்டியை நிறுத்துவதற்குள் இடத்து முதலாளி கேட்டுவிட்டார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"அவளுக்கு வேலை இருக்குங்க. நான் பாத்துக்கறேன்" என்றான்.

அவர் முகம் தொங்கிப்போனது.

பதினெட்டு வருஷமாக மரம் வெட்டுகிறவன் அவன். கயிற்றைக் கட்டிக்கொண்டு உச்சிக் கிளைக்கு ஏறுகிறவன் அவன். முதுகில் பதினொரு தையல் வாங்கியவனும் அவன்தான். விலை சொல்வதற்கு மட்டும் பெண்டாட்டி வர வேண்டுமாம். ஊரே அப்படித்தான் கேட்கிறது.

இந்த இடத்தில் கல்யாண மண்டபம் வரப்போகிறது. முப்பது மரத்தையும் வெட்டி, வேரைப் பறித்து, தரையைச் சுத்தமாக்கித் தர வேண்டும். வெட்டிய மரமெல்லாம் வெட்டுகிறவனுக்கே சொந்தம். அதற்கு அவன் முதலாளிக்கு ஒரு விலை கொடுக்க வேண்டும்.

கூடச் சொன்னால் கையைக் கடிக்கும். குறைத்துச் சொன்னால் வேலை அடுத்தவனுக்குப் போய்விடும்.

வேம்பு, பூவரசு, இரண்டு பனை, மீதியெல்லாம் சீமைக் கருவேலம். அதெல்லாம் சில்லறை. நடுவில் நின்ற புளியமரத்துக்குத்தான் விலை.

போன மாதம் இப்படித்தான், ஒரு தோப்பில் அவன் விலை பேசி முடித்த பிறகு அவள் வந்தாள். வாகை மரத்தை ஒரு சுற்று சுற்றினாள். உள்ளங்கையால் தட்டினாள். பட்டையில் காதை வைத்தாள். "உள்ள உளுத்திருக்குங்க, இந்த வெலை கட்டாது" என்றாள். பதினைந்து பேர் முன்னால்.

அறுத்துப் பார்த்தபோது உளுத்துத்தான் இருந்தது.

அதைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு நாள் அவள் போட்ட சோற்றைத் தொடவில்லை.

இந்த முதலாளியும் முந்தாநாள் அவள் நம்பருக்குத்தான் கூப்பிட்டார். "நீங்களே போய்ப் பாத்து முடிச்சிருங்க" என்று அவள் சொன்னாள். பிச்சை போடுகிறாள் என்றுதான் அவனுக்குப் பட்டது.

புளியமரத்தின் முன்னால் நின்றான்.

சுற்றி நடப்பது அவள் பழக்கம். மரத்தில் காதை வைத்து ரகசியம் கேட்பதும் அவள் பழக்கம். அவனுக்கு அதெல்லாம் தேவையில்லை. நின்ற இடத்திலேயே அரிவாளைத் திருப்பிப் பிடித்து இரண்டு தட்டு தட்டினான். கணீரென்றது. கறிக்கடைக்கு வெட்டுக்கட்டையே எட்டு பத்து தேறும்.

"தொண்ணூத்தஞ்சாயிரம்" என்றான்.

"மத்தவங்க யாரும் எழுபதைத் தாண்டலையேப்பா."

"அவங்களுக்கு மரம் தெரியாதுங்க."

முதலாளி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. போனை எடுத்தார்.

"அப்புறம் வாசுகி வந்து குறைச்சிடுச்சுன்னா? அன்னைக்கித் தோப்புல நடந்ததுதான் ஊருக்கே தெரியுமே."

ஸ்பீக்கரில் போட்டார். அவனுக்குக் காதெல்லாம் சுட்டது.

"வாசுகி, உன் வீட்டுக்காரர் தொண்ணூத்தஞ்சு சொல்றாரும்மா."



"புளியமரத்தைச் சுத்திப் பாத்தீங்களா?" அவனைத்தான் கேட்டாள்.

"பாத்தாச்சு."

"சுத்திப் பாத்துட்டுத்தான் சொல்றீங்களா?"

"பாத்தாச்சுங்கறேன்ல."



"அப்ப அவர் சொன்னதுதாங்க வெலை" என்றாள் முதலாளியிடம். "நான் வந்து ஒத்த ரூபா குறைக்க மாட்டேன்."

இந்தப் பேச்சுக்காகத்தான் அவன் இத்தனை நாள் ஏங்கினான். நெஞ்சு நிமிர்ந்தது. சட்டைப்பையிலிருந்து அட்வான்ஸ் இருபதாயிரத்தை எடுத்து முதலாளி கையில் கொடுத்தான். அவள் சீட்டெடுத்த பணம்தான். இருந்தாலும் கொடுத்தவன் அவன்.

அட்வான்ஸ் கை மாறிவிட்டால் இந்தத் தொழிலில் பேச்சு மாறக் கூடாது. மாறினவனை அப்புறம் யாரும் தோப்புக்குள் விட மாட்டார்கள்.

முதலாளியின் கார் போனது.

மரத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று பார்க்க, பின்னால் போனான்.

சுண்ணாம்பில் ஒரு வட்டம். குறுக்கே ஒரு கோடு.

உளுத்த மரத்துக்கு வாசுகி போடும் குறி அது. அவள் வெற்றிலை போடுவதில்லை. இடுப்பில் சுண்ணாம்பு டப்பி வைத்திருப்பது இதற்குத்தான்.

நேற்று ரேஷன் கடைக்கு என்று போனவள் மத்தியானம் வெறும் பையோடு திரும்பினாள். அவன் ஏனென்று கேட்கவில்லை.

அவள் அவன் தோளுக்குக்கூட வர மாட்டாள். குறி அவன் கண்ணுக்கு நேராக இருந்தது. கீழே மூன்று செங்கல், ஒன்றன்மேல் ஒன்றாக.

அரிவாளைத் திருப்பி அங்கே தட்டினான். காலி நெற்குதிரில் தட்டியது போல இருந்தது.

செங்கல் சூளைக்கு விறகாகத்தான் போகும். போட்டதில் பாதிகூட வராது.

பணம் போனதுகூட அவனை அவ்வளவு எரிக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் வந்திருக்கிறாள். அவன் கண்ணில் மட்டும் படும்படி சொல்லிவிட்டு, பேரை அவனே எடுத்துக்கொள்ளட்டும் என்று போயிருக்கிறாள். இதிலும் அவள்தான் ஒரு படி மேலே.

குறியைத் துண்டால் துடைத்தான். அழுத்தித் துடைத்தான். பட்டை வெடிப்பில் வெள்ளை தங்கிவிட்டது. எச்சில் தொட்டு, நகத்தால் சுரண்டினான்.

போன் அடித்தது.

"குறி போட்டிருந்தேனே, பாத்தீங்கதானே?" வாசுகி கேட்டாள்.

"என்ன குறி?"



"அப்ப நான்தான் போட மறந்திருக்கேன்" என்றாள். "நீங்க சாப்பிட வாங்க."