வேறு குரல்

"ஃபேனை நிறுத்துடி. மிஷின் திரும்பி வர்றதுக்குள்ள பாடி முடிச்சிடறேன்" என்றாள் மலர்க்கொடி, ஹெட்போனைக் காதில் மாட்டியபடி.

வானதி எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே அறுப்பு மிஷின் வயலின் மறுகோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. நெல் மூட்டைகள் அடுக்கிய வானதி வீட்டுப் பின்பக்க அறைதான் இருவருக்கும் ஸ்டுடியோ. மூட்டைகள் இருப்பதால் எதிரொலி வராது. மிச்சச் சுவர்களை ஜமுக்காளம் போட்டு மறைத்திருந்தார்கள்.

வானதி திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கீபோர்டில் மெட்டுப் போடுவாள். முத்துப்பேட்டையில் நர்ஸாக இருக்கும் மலர்க்கொடி பாடுவாள். கல்லூரி விடுதியில் தொடங்கிய பழக்கம், இருவருக்கும் கல்யாணமாகி பிள்ளைகள் பிறந்த பிறகும் விடவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலர்க்கொடி பஸ் ஏறி வந்துவிடுவாள். பதிவு செய்த பாட்டை யூடியூபில் போடுவார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான்.

"என்னடி, இன்னும் ரெக்கார்டை அமுக்கலையா?"

"மலரு, அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

மலர்க்கொடி ஹெட்போனைக் கழற்றினாள்.

"சென்னையிலேருந்து ஒரு டைரக்டர் போன் பண்ணாரு. சின்னப் படம்தான். நம்ம மழைப் பாட்டைப் படத்துல வைக்கப் போறாங்களாம்."

"அடிப்பாவி! இதையா இவ்வளவு நேரம் அடக்கி வச்சிருந்தே?" மலர்க்கொடி சிரித்தபடி ஓடிவந்து அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

அந்தச் சிரிப்பை வானதியால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"மெட்டு மட்டும்தான் மலரு. பாடறது... வேற ஆளாம்."

மலர்க்கொடி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மிஷின் ஜன்னலை ஒட்டி இரைந்துகொண்டு வந்துவிட்டது. அது தாண்டிப் போகும்வரை இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வானதிக்கு அந்த இரைச்சல் வசதியாகத்தான் இருந்தது.

"குரல் மட்டும் வேற போடறோம். உங்களுக்குச் சம்மதமா மேடம்?" என்று டைரக்டர் கேட்டபோது, அவர் முடிப்பதற்குள்ளேயே "சரிங்க சார்" என்றிருந்தாள். போனை வைத்த பிறகுதான் மலரின் முகம் நினைவுக்கு வந்தது. திரும்பக் கூப்பிட்டு மலருக்காக ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போனை எடுப்பாள். மெட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? உடனே வைத்துவிடுவாள்.

மிஷின் சத்தம் தேய்ந்தது.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டாள் மலர்க்கொடி. குரலில் எந்த வித்தியாசமும் இல்லை.

"நான் சும்மா விடுவேனா? அவ பாடினாத்தான் மெட்டைத் தருவேன்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சண்டையே போட்டேன். அவங்க ஒத்துக்கலைடி."

மலர்க்கொடி ஒரு கணம் அவளையே பார்த்தாள்.

"எனக்காக நீ ஏன்டி சண்டையெல்லாம் போட்டே? கோவிச்சுக்கிட்டு பாட்டே வேணாம்னு போயிருந்தா?"

"உனக்கு வருத்தமா இல்லையா?"

"இல்லாம இருக்குமா? கொஞ்சம் இருக்கு. அதுக்காக? தியேட்டர்ல உன் பேரு வர்றப்ப நான் புள்ளைங்களோட உட்கார்ந்து கை தட்டணும். அமுக்கு ரெக்கார்டை."

மலர்க்கொடி பாடினாள். இரண்டாவது சரணத்தில் குரல் கரகரத்து நின்றது. "வைக்கோல் தூசி" என்று சொல்லித் தண்ணீர் குடித்தாள். மறுபடி முதலிலிருந்து பாடினாள். இந்த முறை எங்கும் தடங்கவில்லை.

பஸ் ஏறும்போது வழக்கம்போல ஜன்னல் வழியே கையாட்டினாள். "அடுத்த மாசம் புது மெட்டு ரெடியா இருக்கணும், ஆமா!"

வீட்டுக்குத் திரும்பிய வானதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவ்வளவு பெரிய மனசுக்காரியிடம் போய்ப் பொய் சொல்லியிருக்கிறோமே என்று உறுத்தியது. சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டால் என்ன? மெட்டு போனாலும் போகட்டும். அறையில் நின்றபடியே டைரக்டருக்குப் போன் போட்டாள்.

"சார், அந்தப் பாட்டை மலர்க்கொடியையே பாட வைங்க. இல்லேன்னா மெட்டும் வேணாம் சார்."

"மேடம், நான் முதல்ல போன் பண்ணதே அவங்களுக்குத்தான். உங்க சேனல்ல இருக்கறது அவங்க நம்பர்தானே? அந்தக் குரலைக் கேட்டுட்டுதான் பேசினேன். எங்க மியூசிக் டைரக்டர் போட்ட பாட்டைப் பாட வாங்கன்னு கூப்பிட்டேன். வானதி மெட்டைத் தவிர வேற எதையும் பாட மாட்டேன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. வேற வழியில்லாம இன்னொரு பாடகியைப் பேசி முடிச்சோம். அப்பவும் மலர்க்கொடி விடலை. என்னை விட்டுடுங்க, அவ மெட்டு ஒண்ணையாவது எடுத்துக்குங்கன்னு சொல்லி அவங்கதான் உங்க நம்பரைக் குடுத்தாங்க."

"அவ... என்கிட்ட சொல்லவே இல்லையே சார்."

"அப்படியா? நீங்க ஒரு வார்த்தைகூடக் கேட்காம உடனே சரின்னு சொன்னதை நான் அன்னிக்கே அவங்ககிட்ட சொல்லிட்டேனே மேடம்! ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."